கொடுத்த மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால்?

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.). இப்போது வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிறோம். விழுங்க மறுக்கிறான். நேற்று விழுங்கியதும் வாந்தி எடுத்துவிட்டான். மறுபடி கொடுக்கலாமா? பொடித்துத் தரலாமா?

பதில்: நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள், அம்மா. விழுங்கி எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது, அதில் மாத்திரை தெரிந்ததா என்று குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள். வாந்தியைக் கையுறை போட்டுத் துடையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இதைத் தொடவே வேண்டாம்.

அம்மியிலோ மிக்சியிலோ பொடிக்கக் கூடாது. தூள் பறந்து மற்றவர்கள் மூச்சிலும் சாப்பாட்டிலும் சேரும். சிரிஞ்சுக்குள்ளேயே தண்ணீரில் கரைத்துப் புகட்டும் முறை உண்டு. செவிலியரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பாலில் கலந்தால், அவன் பாதியில் வைத்துவிடும் பாலோடு பாதி மருந்தும் போய்விடும். பகல் வேளையில் நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரே ஒரு சீரக மிட்டாயைத் தண்ணீரோடு விழுங்கப் பழக்குங்கள். அவசரமில்லாத நேரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தினமும் தரும் மெர்காப்டோப்யூரின் என்ற புற்றுநோய் மாத்திரையை நூற்றுக்கு 95 வேளைக்குக் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்; மருத்துவரிடம் மறைக்கவும் மறைக்காதீர்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அவர் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். நான் பார்த்த ஒரு சிறுவன் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக் கொல்லையில் துப்பிக்கொண்டிருந்தான். அணுக்கள் ஏறியிருந்ததால் அளவைக் கூட்ட இருந்தோம். கடைசி நேரத்தில் பாட்டி சொன்னதால் தப்பினோம். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு மிகுந்த பயம் தருவது, இதே நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு மாத்திரை. அது வாரத்தில் ஒரே நாள். 2.5 மி.கி. மாத்திரைகள் பலவற்றை அந்த ஒரு நாளில் தருவதால், பிரித்துத் தினமும் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், உயிருக்கே ஆபத்து. நாள்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். டப்பாவும் தனியாக இருக்கட்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் புறப்படுங்கள், கடைசியாக எழுதித் தந்த மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.