ஸ்கீம் மேக்ரோ ஒரு கம்பைலரில் ஓடுகிறது, இன்னொன்றில் ஏன் நின்றுவிடுகிறது?

ஸ்கீம் என்ற நிரல் மொழியின் மேக்ரோ (கம்பைல் ஆகும்போதே வேறு கோடாக விரியும் துண்டு) பற்றி நீங்கள் கேட்டதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. கைல் என்ற ஸ்கீம் கம்பைலரில் வரிவரியாகத் தட்டும்போது ஓடுகிற டிஃபைன்-மேக்ரோ (மேக்ரோ எழுதும் பழைய வழி), ஃபைலாகக் கம்பைல் செய்தால் 'அன்பவுண்ட் வேரியபிள்' (இந்தப் பெயருக்கு மதிப்பு இல்லை) என்கிறது. சிக்கன் என்ற இன்னொரு கம்பைலரில் டிஃபைன்-மேக்ரோவே இல்லை என்று வருகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவதுதான் ஆளைப் படுத்தும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் நிலக் கணக்கை ஸ்கீமில்தான் வைத்திருக்கிறேன். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருந்தாலும் அப்பா வாயில் வருவது வேலியும் மாவும்தான். 1 வேலிக்கு 20 மா, 1 மாவுக்கு 100 குழி. 2 வேலி 5 மாவை (நிலம் 2 5) என்று எழுதினால் கம்பைல் ஆகும்போதே அது 4500 குழி ஆகிவிட வேண்டும். இதற்கு 'குழியாக்கு' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை மேக்ரோவுக்குள் அழைப்பதாக வைத்துக்கொள்வோம். வரிவரியாகத் தட்டும்போது 'குழியாக்கு' ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது, மேக்ரோ விரியும்போது கிடைத்துவிடும். ஃபைலாகக் கம்பைல் செய்யும்போது அப்படியில்லை. மேக்ரோ விரிவது கம்பைல் நேரத்தில், 'குழியாக்கு' பிறப்பது புரோகிராம் ஓடும் நேரத்தில். அதனால் கைலில் அந்த ஃபங்ஷனை ஈவல்-வென் (எந்தெந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் கட்டளை) உள்ளே, எக்ஸ்பாண்ட், லோட், ஈவல் மூன்றையும் குறிப்பிட்டு வைக்க வேண்டும். சிக்கனில் இதே வேலைக்கு பிகின்-ஃபார்-சின்டாக்ஸ்.

இரண்டாவது, ஸ்கீம் மொழியின் தரநிலை விட்டுவைத்த இடைவெளி. 1998-இல் வந்த ஆர்5ஆர்எஸ் என்ற தரநிலைப் பதிப்பு, சின்டாக்ஸ்-ரூல்ஸை (இந்த வடிவம் வந்தால் இப்படி மாற்று என்று எழுதும் மேக்ரோ முறை) மட்டும்தான் கட்டாயமாக்கியது. 2007-இன் ஆர்6ஆர்எஸ் சின்டாக்ஸ்-கேஸையும் (விரியும்போதே கணக்கும் போடவிடும் முறை) சேர்த்தது. 2013-இன் ஆர்7ஆர்எஸ் சிறிய மொழி அதைச் சேர்க்காமல் சின்டாக்ஸ்-ரூல்ஸோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் அவரவர் வழி. கைலும் ஷே ஸ்கீம் என்ற கம்பைலரும் சின்டாக்ஸ்-கேஸ், சிக்கன் ஈஆர்-மேக்ரோ-டிரான்ஸ்ஃபார்மர் என்ற வேறு முறை. டிஃபைன்-மேக்ரோவைச் சிக்கன் தன் 4-ஆம் பதிப்பிலேயே கைவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். டிஃபைன்-மேக்ரோ உள்ளே 'மீதி' என்று ஒரு வேரியபிள் வைத்து, அழைப்பவரும் 'மீதி' என்று ஒன்று வைத்திருந்தால், இரண்டும் கலந்து கணக்கு சத்தமில்லாமல் தப்பாகப் போகும். பிழைச் செய்தி கூட வராது. சின்டாக்ஸ்-ரூல்ஸில் இந்தக் கலப்பே நடக்காது.

சரி, என்ன செய்யலாம்? மேக்ரோவுக்குள் கணக்குப் போடாதீர்கள், கணக்கை மட்டும் எழுதி வையுங்கள். சின்டாக்ஸ்-ரூல்ஸில் (நிலம் வே மா) என்பது (+ (* 2000 வே) (* 100 மா)) என்று விரிந்தால் போதும். துணை ஃபங்ஷனே வேண்டாம், அதனால் ஈவல்-வென்னும் வேண்டாம். எண்களைக் கூட்டிப் பெருக்கி ஒரே எண்ணாக்கும் வேலையை நல்ல கம்பைலர் தானே செய்துவிடும். கைல், சிக்கன், ஷே எதில் போட்டாலும் ஓடும்.

உங்கள் மேக்ரோ அப்படி அடங்காத ரகம் என்றால், அதை மட்டும் தனி ஃபைலில் ஒதுக்கி, காண்ட்-எக்ஸ்பாண்ட் (எந்தக் கம்பைலர் என்று பார்த்து கோடைத் தேர்ந்தெடுக்கும் வசதி) வைத்து கைலுக்கு ஒன்று, சிக்கனுக்கு ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஃபைல்களைத் தொட வேண்டியிருக்காது.