கிரப் மெனு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று மெனு காட்டும் நிரல்தானே கிரப்? டெபியன் லினக்ஸில் அதன் கிரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, மெனு காத்திருக்கும் நேரத்தை 2 நொடியாக்கினேன். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் வந்ததும் பழையபடி 5 ஆகிவிட்டதே?

பதில்: கோப்பின் தலையிலேயே ‘இதைத் திருத்தாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும்; நாம்தான் படிப்பதில்லை. அதை எழுதுவது கிரப்-எம்கேகான்ஃபிக் என்ற நிரல். புது கெர்னல் வரும்போதெல்லாம் முழுக்க அழித்து எழுதும். நீங்கள் மாற்ற வேண்டியது /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் உள்ள டைம்அவுட் வரியை. மாற்றியதும் டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-கிரப்’ கட்டளை கொடுங்கள். அந்த அப்டேட்-கிரப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிரப்-எம்கேகான்ஃபிக்கைக் கூப்பிடும் குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்!

மெனு வரிகள் /இடிசி/கிரப்.டி-யில் உள்ள ஸ்கிரிப்டுகளிலிருந்து, எண் வரிசைப்படி வருகின்றன. 10_லினக்ஸ் கெர்னல்களைத் தேடும். 30_ஓஎஸ்-ப்ரோபர் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று பக்கத்துப் பார்ட்டிஷன்களை, அதாவது வட்டின் பிரிவுகளை, துழாவும். சொந்தமாக ஏதாவது சேர்க்க 40_கஸ்டம் இருக்கிறது.

கேள்வி: டெபியன் 12 போட்டேன். மெனுவில் விண்டோஸைக் காணோம். அழிந்துவிட்டதா சார்?

பதில்: பயப்படாதீர்கள், பெரும்பாலும் இருக்கும். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது. அது கண்ட பார்ட்டிஷனையெல்லாம் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு மவுன்ட் செய்து, அதாவது இணைத்துத் திறந்து பார்க்கும், பாதுகாப்புக்காக நிறுத்திவிட்டார்கள். முன்பு சொன்ன அதே /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் என்ற வரி இருக்கும். அதன் முன்னால் உள்ள # குறியை எடுங்கள், மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்கட்டும். அப்புறம் அப்டேட்-கிரப்.

கேள்வி: கிரப் மெனுவை மாற்றித் தரும் கிரப் கஸ்டமைசர் செயலியைப் போடலாமா?

பதில்: நான் போட மாட்டேன். வரிசை மாற்ற வசதிதான். ஆனால் கிரப்.டி-க்குள் புகுந்து ஸ்கிரிப்டுகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும். நீக்கினாலும் அந்த மாற்றங்கள் போகாது. போட்டே தீர வேண்டுமென்றால் அந்தக் கோப்புறையை முதலில் நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸில் அப்டேட்-கிரப் இல்லையே?

பதில்: அங்கே கிரப்2-எம்கேகான்ஃபிக்கை நேரடியாக ஓட்ட வேண்டும். வெளியீடு /பூட்/கிரப்2-க்குப் போக வேண்டும். ஃபெடோரா 34 முதல் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (கணினி தொடங்கும்போது படிக்கும் பிரிவு) இருக்கும் கிரப்.சிஎஃப்ஜி வெறும் வழிகாட்டிக் கோப்பு. பழைய குறிப்பைப் பார்த்து அதன்மேல் எழுதி ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தவன் நான். கெர்னல் அளவுரு மட்டும் மாற்ற ‘கிரப்பி’ கட்டளை போதும்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனுவே வரவில்லை, நேராக விண்டோஸ் வருகிறது.

பதில்: அது கிரப் கோப்புகளின் வேலை இல்லை, கணினியின் அடிப்படை மென்பொருளான யுஇஎஃப்ஐ-யில் எதை முதலில் தொடங்குவது என்ற வரிசை மாறியிருக்கும். பயாஸ் திரையில் மாற்றலாம். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) நுழைந்து இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையாலும் மாற்றலாம்.