கவிதை, சிறுகதை: கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவரலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் கணக்கர் வேலை. பத்து வருடமாக எழுதியதில் 60 கவிதைகளும் 14 சிறுகதைகளும் கையில் இருக்கின்றன. எதையும் எந்த இதழுக்கும் அனுப்பியதில்லை. 45,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதி அச்சிட்டுத் தருவதாக ஒரு பதிப்பகத்தார் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு. ஆனால் 45,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள்.

கணக்கு உங்கள் தொழில், நீங்களே போட்டுப் பாருங்கள். 150 ரூபாய் விலை வைத்து 300 பிரதியையும் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் சும்மா கொடுப்பது போக, கடைக்காரர் கழிவும் போக, அது நடக்காது. கவிதையும் சிறுகதையும் தமிழில் பெரும்பாலும் காசு தந்ததில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கியபோதும் அதை வாங்கிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தச் சிறிய வட்டத்தில்தான் புதுக்கவிதை வேர்பிடித்தது. அதில் வந்த கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. முதலில் இதழ், அப்புறம் தொகுப்பு. இந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

ஏன் என்று ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். சிற்றிதழ் ஒன்றில் பல வருடம் கதைகளைத் தேர்வு செய்யும் வேலை பார்த்தேன். விசைத்தறி ஓட்டும் ஒருவர் ஒரு கதை அனுப்பியிருந்தார். இறந்துபோன அப்பாவின் சைக்கிளை மகன் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். எடை போடும் முன்பு பெல்லை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குக் கீழே அப்பாவின் பாசத்தைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தார். போன் செய்து, அந்த ஏழு வரியும் வேண்டாமே என்றேன். பத்து நிமிடம் வாதாடிவிட்டு, "சரி சார், எடுத்துருங்க" என்றார். இதழ் வந்த மறுவாரம் ஒரு வாசகியிடமிருந்து அஞ்சலட்டை: "அந்த பெல் இப்போது எங்கே இருக்கிறது?" ஒரே வரி. அவருடைய அடுத்த கதையில் விளக்கம் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

வெளியிடுவதன் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். உங்களுக்கு எந்த வகையிலும் கடன்படாத ஒருவர் பிரதியைப் படித்துக் கை வைக்கிறார். முகம் தெரியாத இன்னொருவருக்கு அது போய்ச் சேர்கிறது. காசு வாங்கிக்கொண்டு அச்சிடுபவர் கடைசி ஏழு வரியை எடுங்கள் என்று சொல்லமாட்டார். அவருக்கு அந்த அவசியம் இல்லை.

முகநூலில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கே போட்டதைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்ளும். நல்ல கதைகளை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

பின்னாளில் யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் ஒன்றை மறக்கவேண்டாம். பதிப்புரிமை எழுதும்போதே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்து ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும். காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 'சகல உரிமைகளும்' என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள். அச்சு உரிமையை மட்டும், காலம் குறித்துக் கொடுங்கள். ஒலி, மின்னூல், திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும். சிறுகதை படமாவது நம்மூரில் புதிதல்ல.

எண்ணிக்கை குறைவு என்ற கவலையும் வேண்டாம். சிறுகதை எழுத்தாளர் மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைகள்தான். இன்றும் படிக்கிறோம்.

சரி, இப்போது செய்யவேண்டியது. 14 கதைகளில் மூன்றை எடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தைத் திருத்துங்கள். எந்த இதழ்களுக்கு அனுப்பப் போகிறீர்களோ அவற்றின் கடைசி ஆறு இதழ்களை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு கதையை ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்று மாதம் பதில் வராவிட்டால் தகவல் சொல்லிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஏழெட்டுக் கதைகள் இப்படி வெளியானபின், காசு கேட்காத பதிப்பகம் ஒன்றுக்குத் தொகுப்பாக அனுப்புங்கள். கவிதைகளை அதில் சேர்க்காதீர்கள், அவற்றுக்குத் தனிப் புத்தகம் வேண்டும்.