மே 13: ஊர்வலம்தான் காரணமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் 1969 மே 13 அன்று மூண்ட கலவரத்துக்கு எதிர்க்கட்சிகளின் வெற்றி ஊர்வலம்தான் காரணம் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஊர்வலத்தில் நாலு பேர் கத்தியதற்கா இத்தனை உயிர் போகும்? இது சீனர்–மலாய்க்காரர் சண்டைதானே, நமக்கு அதில் என்ன?

– வாசகர், கிள்ளான்

வணக்கம்.

நண்பர் சொல்வது முழுப் பொய் இல்லை. மே 10 தேர்தலில் ஆளும் கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்தாலும் பினாங்கு மாநிலம் எதிர்க்கட்சியான கெராக்கான் கைக்குப் போனது. சிலாங்கூர் சட்டமன்றத்தின் 28 இடங்களில் சரிபாதி எதிர்த்தரப்புக்கு. கோலாலம்பூரில் நடந்த வெற்றி ஊர்வலங்களில் மலாய்க்காரர்களைப் பார்த்து வாய்கூசும் ஏச்சுகள் எழுந்தன. கெராக்கான் 13ஆம் தேதி மன்னிப்பும் கேட்டது. ஆனால் அன்று மாலை ஆளும் கூட்டணியின் மலாய்க் கட்சியான அம்னோவின் ஆதரவாளர்கள் பதில் ஊர்வலத்துக்காக, கோலாலம்பூரில் மலாய்க்காரர் குடியிருப்பான கம்போங் பாருவை ஒட்டி, சிலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஹருன் இட்ரிஸ் வீட்டு முன்னால் திரண்டுவிட்டார்கள். அங்கே வந்துகொண்டிருந்தவர்களைச் நகரின் செத்தாப்பாக் பகுதியில் சீனர்கள் தாக்கிவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. அவ்வளவுதான். அந்தப் பக்கமாக வந்து மாட்டிய சீனர்கள் வெட்டப்பட்டார்கள், வண்டிகள் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் நகரின் வேறு பகுதிகளில் மலாய்க்காரர்கள் தாக்கப்பட்டார்கள்.

சரி, ஓர் ஏச்சு எப்படி இவ்வளவு தூரம் பற்றியது? பிரிட்டிஷ்காரன் மலாய்க்காரரைக் கம்பத்து (கிராமத்து) வயலிலும், சீனரை ஈயச் சுரங்கத்திலும் கடைத்தெருவிலும், நம்மை ரப்பர் தோட்டத்திலும் வைத்தான். தொழிலும் இனமும் ஒன்றாகிப்போனது. 1970 கணக்கில் நிறுவனப் பங்குகளில் வெளிநாட்டாரிடம் 63 சதவீதம், சீனரிடம் 27, மலாய்க்காரரிடம் வெறும் 2.4. பெரிய பங்கு வெளிநாட்டு முதலாளியிடம்தான். ஆனால் கம்பத்து விவசாயி லண்டன் கம்பெனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது, தன் ரப்பர் பாலை எடைபோட்டு வாங்கி, அரிசியைக் கடனுக்குக் கொடுத்து, கணக்கு நோட்டில் எழுதிக்கொண்ட சீனக் கடைக்காரரை. சீனருக்கோ, இந்த நாட்டிலேயே பிறந்தும் மொழியிலும் கல்வியிலும் இரண்டாந்தரமாக நிறுத்தப்படுகிறோம் என்ற மனத்தாங்கல். ஆட்சி கைமாறப்போகிறது என்ற பயம் ஒருபக்கம், இப்போதுதான் தலைநிமிர்ந்தோம் என்ற மிதப்பு மறுபக்கம். இதைத் தணிக்க வேண்டிய தலைவர்கள் கூட்டம் சேர்த்தார்கள். என் கோபம் அவர்கள்மேல்தான்.

அரசுக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். அதில் 143 பேர் சீனர், 25 பேர் மலாய்க்காரர், 13 பேர் இந்தியர். உண்மையில் இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்று சொல்கிறவர்கள் நிறைய. கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோவில் அவர்களில் பலரின் கல்லறைகள் இருக்கின்றன. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை முடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விலக, துன் ரசாக் பிரதமரானார். 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் நோக்கமே இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பதுதான். அது நியாயமான நோக்கம். படித்த மலாய் நடுத்தர வர்க்கம் உருவானதும் அதனால்தான். ஆனால் தோட்டப்புற ஏழைக்கு அது போய்ச் சேரவில்லை என்பதை வலியோடுதான் சொல்கிறேன். அதே ஆண்டு குடியுரிமை, மலாய்க்காரரின் சிறப்புரிமை பற்றிக் கேள்வி எழுப்புவது, நாடாளுமன்றத்துக்குள்ளும்கூட, குற்றமாக்கப்பட்டது. பேச வழியில்லாத இடத்தில் மிரட்டல் வளர்ந்தது. தேர்தல் வந்தாலே 'மறுபடி மே 13 வரும்' என்பார்கள். 2018இல் ஆட்சியே மாறியது, ஒரு கலவரமும் வரவில்லை.

அப்புறம், 'நமக்கு அதில் என்ன' என்று கேட்டீர்களே. அதே 1969 ஜூன் கடைசியில் கோலாலம்பூரின் செந்தூலில் மறுபடி கலவரம் மூண்டபோது இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் விதி கறாராக வந்ததில், சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்தில் காலம் கழித்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். மற்றவர்கள் சண்டை என்று ஒதுக்கி வைத்ததால் இந்தப் பக்கத்தை நாம் சரியாக எழுதவே இல்லை. பார்த்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கிள்ளானிலேயே கிடைப்பார்கள், போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.