மனுவும் கையெழுத்தும் – ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பைப் பிரதான சாலையோடு இணைக்கும் தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது. சுற்றுப்பாதையைத் தவிர்ப்பதற்காக லாரிகள் அந்தத் தெருவில் நுழைகின்றன. இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அடிபட்டுக் கால் முறிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஏழு பேர் கூடி ஒரு மனு எழுதினோம். வேகத்தடை, நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், காவல் ரோந்து என்று தெருவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கேட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போய் 214 கையெழுத்துகள் வாங்கினோம். ஒரே ஒருவர்தான் மறுத்தார். அவரே லாரி ஓட்டுபவர். "வேகத்தடையை என் வாசலில்தான் போடுவீர்கள். இரவெல்லாம் தடதடவென்று சத்தம் கேட்கும். லாரி வருவது மட்டும் நிற்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

இருப்பதிலேயே உயர்ந்த அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இருமுறை நேரில் போய்க் கேட்டேன். "மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுவிட்டது" என்பதுதான் இருமுறையும் கிடைத்த பதில். ஏழு பேரில் இருவர் விலகிவிட்டார்கள். இளைஞர் ஒருவர், இணையத்தில் போட்டால் ஒரே வாரத்தில் ஒரு லட்சம் கையெழுத்து சேரும் என்கிறார்.

என் மனத்தை அரிப்பது வேறொன்று. "தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று எழுதும்போதே எனக்குக் கை கூசியது. உரிமையை ஏன் பிச்சையாகக் கேட்க வேண்டும்? நம்மை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடுதானா இந்த மனு?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்,

கை கூசியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மனுவின் மொழி பணிவானது. ஆனால் ஆள்பவர்கள் ஒருபோதும் அதைப் பிச்சையாக எடுத்துக்கொண்டதில்லை. 1661-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசிலோ திருச்சபையிலோ நடைமுறையில் உள்ள ஒன்றை மாற்றக் கோரும் மனுவுக்கு, முன் ஒப்புதல் இல்லாமல் 20 பேருக்கு மேல் கையெழுத்துத் திரட்டக் கூடாது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. உள்நாட்டுப் போர் முடிந்து மன்னராட்சி திரும்பியிருந்த காலம் அது. ஊர் ஊராகக் கையெழுத்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனுக்கு ஏழு பிஷப்புகள் மிகப் பணிவான ஒரு மனுவைக் கொடுத்தார்கள். மன்னன் அதைத் தேசத்துரோக அவதூறு என்று சொல்லி அவர்களை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தான். ஜூரிகள் ஏழு பேரையும் விடுவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னன் நாட்டைவிட்டே ஓட நேர்ந்தது. 1689-இன் உரிமைச் சாசனத்தில், மன்னனுக்கு மனுக் கொடுப்பது குடிகளின் உரிமை, அதற்காகச் சிறை வைப்பதும் வழக்குத் தொடர்வதும் சட்டவிரோதம் என்று எழுதிவைத்தார்கள். இன்று நீங்கள் அச்சமில்லாமல் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள் என்றால், அதற்குப் பின்னால் இத்தகைய சிறைகளும் வழக்குகளும் இருக்கின்றன.

1905 ஜனவரியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் ஜார் மன்னனுக்கு எழுதிய மனுவைவிடத் தாழ்மையான ஒன்றைக் காண்பது அரிது. தந்தையிடம் முறையிடும் பிள்ளைகளைப் போல எழுதியிருந்தார்கள். திருவுருவப் படங்களையும் மன்னனின் படத்தையும் ஏந்திக்கொண்டு குடும்பத்தோடு நடந்தார்கள். எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானவை. படைகள் சுட்டன. அன்று பனியில் செத்து விழுந்தது மனிதர்கள் மட்டும்தானா? மன்னன் தந்தை என்ற நம்பிக்கையும் செத்தது. அதே ஆண்டு அக்டோபரில், தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு ஜார் வாக்குறுதி தர வேண்டியதாயிற்று. கேட்பவர்களின் பணிவு, கேட்கப்பட்டவரின் தரத்தைத் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் "தாழ்மையுடன்" உறுத்தினால் எடுத்துவிடுங்கள். "கேட்டுக்கொள்கிறோம்" என்றாலே போதும். எந்த அலுவலரும் அந்த ஒரு சொல் இல்லை என்பதற்காக மனுவைத் திருப்பமாட்டார்.

நான்கு மாதங்களாக அசையாமல் கிடப்பதற்கு நான் காணும் காரணம் வேறு. உங்கள் மனு ஐந்து கோரிக்கைகளைச் சுமக்கிறது. வேகத்தடையும் நடைபாதையும் ஒரு பிரிவு, விளக்கு இன்னொன்று, வடிகால் மற்றொன்று, ரோந்து காவல்துறையின் வேலை. உயர்ந்த அலுவலகத்தில் கொடுத்தால் எல்லாம் ஒருசேர நடந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே இருப்பவர் செய்யக்கூடியது, மனுவுக்கு மேல் ஒரு குறிப்பு எழுதிக் கீழே அனுப்புவதுதான். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவர் தன்னுடைய பங்கைப் பார்ப்பதற்கு முன்னால், தன்னுடையது அல்லாத பங்கைப் பார்க்கிறார். "இது எங்களுடையது அல்ல" என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளுவதற்கு ஐந்தில் மூன்றோ நான்கோ காரணங்கள் அவருக்குக் கிடைத்துவிடுகின்றன. "மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுவிட்டது" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கோப்பு உண்மையிலேயே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் குடியிருந்த பகுதியின் நூலகத்துக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். கூரை ஒழுகியது, கழிப்பறை இல்லை, வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவதற்குள் நூலகத்தை மூடிவிடுவார்கள். எட்டுக் கோரிக்கைகளைக் குவித்து எழுதியிருந்தோம். ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து, மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். நாங்கள் பேனாவை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தோம். படித்து முடித்ததும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கிறதோ என்று. பிறகு கேட்டார்: "எட்டு இருக்கிறது. ஒன்றுதான் கிடைக்கும் என்று சொன்னால் எதைக் கேட்பீர்கள்?" நாங்கள் நால்வரும் நான்கு பதில்கள் சொன்னோம். "முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டுக் கோரிக்கைகளோடே அந்த மனுவைக் கொடுத்தோம். "பரிசீலிக்கப்படும்" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது, அவ்வளவுதான். ஓராண்டு கழித்து, மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு போனோம். அந்த நேரத்தில் யார் யார் வருவார்கள் என்ற பட்டியலையும் இணைத்தோம். ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. அந்தப் பெண்மணி இரண்டாவது மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கையெழுத்து வாங்குவதை அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தைய சடங்காகவே நானும் நினைத்திருந்தேன். மனுவின் மிகப் பெரிய வேலை அந்த வாசல்படிகளில்தான் நடக்கிறது என்பதை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். இதற்கு என் கண்முன் எப்போதும் வந்து நிற்பது நியூசிலாந்துப் பெண்களின் கதை. வாக்குரிமை கேட்டு அவர்கள் 1891-இல் கொடுத்த மனுக்களில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. மசோதா மேலவையில் தோற்றது. 1892-இல் சுமார் இருபதாயிரம். மறுபடியும் தோல்வி. 1893-இல் ஏறத்தாழ 32,000 கையெழுத்துகள். அந்த நாட்டில் குடியேறிய ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில், வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் கையெழுத்திட்டிருந்தார் என்று கணக்கிடுகிறார்கள். தொலைபேசி அரிதாக இருந்த காலம். பண்ணை வீடுகளுக்கிடையே மைல் கணக்கில் தொலைவு. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், கணவன் என்ன சொல்வானோ என்ற தயக்கத்துக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வந்து சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாள்களை, இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்ட் முனைக்கு முனை ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையின் துண்டில் சுற்றினார். நீளம் சுமார் 270 மீட்டர். அவர்களை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் ஹால் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்து, அவையின் நடுவே உருட்டிவிட்டார். காகிதம் விரிந்துகொண்டே போய், கட்டை எதிர்ச் சுவரில் மோதி நின்றதாம். அந்தச் சத்தத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். 1893 செப்டம்பர் 19 அன்று சட்டம் கையெழுத்தானது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கும் உரிமையை அளித்த முதல் தன்னாட்சி நாடு அதுதான். முதல் மனு தோற்றதும் "மனுவால் பயனில்லை" என்று வீட்டில் உட்கார அவர்களுக்கு உங்களைவிட அதிகக் காரணம் இருந்தது.

பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்களான சாசன இயக்கத்தவர்களுக்கு (Chartists) அந்த நிறைவுகூடக் கிடைக்கவில்லை. 1842-இல் அவர்கள் 33 லட்சம் கையெழுத்துகளோடு கொண்டுவந்த மனு, நாடாளுமன்ற வாசலில் நுழையாத அளவுக்குப் பெரியது. பிரித்துத் துண்டு துண்டாக உள்ளே தூக்கிப் போனார்கள். 287-க்கு 49 என்ற வாக்கில் அவை அதைக் கேட்கவே மறுத்தது. ஆனால் அவர்களுடைய ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னால் சட்டமாயின. இரகசிய வாக்கெடுப்பு 1872-இலும், உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911-இலும் வந்தன. அதற்குள் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் இறந்திருப்பார்கள். இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுபது ஆண்டு காத்திருக்க நேரமில்லை.

இப்போது அந்த இளைஞர் சொல்லும் ஒரு லட்சம். இணையத்தை நான் இகழவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் பத்தாயிரம் பேர் சேர்ந்தால் அரசு பதில் எழுத வேண்டும். ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். அது நல்ல ஏற்பாடு. ஐரோப்பாவில் குடிநீரை உரிமையாக்கக் கோரிய மனு 2013-இல் 16 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டியது. முதலில் கிடைத்த பதில் ஏமாற்றம்தான். ஆனால் அதைத் தொடங்கியவர்கள் விடாமல் துரத்தினார்கள். 2020-இல் திருத்தப்பட்ட குடிநீர் விதிகளில் அதன் சில கூறுகள் இடம்பெற்றன. மாறாக, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கூடாது என்று 2019-இல் 61 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது, அரசு மறுத்தது, அடுத்த ஆண்டு பிரிட்டன் விலகியது. பொத்தானை அழுத்தியவர்களில் மிகப் பலர் ஏற்கெனவே ஒரே கருத்தில் இருந்தவர்கள். மாற்றுக் கருத்துள்ளவரின் கதவை அந்த அழுத்தல் தட்டவே இல்லை.

எண்ணிக்கையை மட்டுமே நம்பினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1848-இல் சாசன இயக்கத்தவர்கள் தங்கள் மூன்றாவது மனுவில் 57 லட்சம் கையெழுத்துகள் இருப்பதாகச் சொன்னார்கள். நாடாளுமன்ற எழுத்தர்கள் எண்ணிப் பார்த்து 19,75,496 என்றார்கள். அதிலும் விக்டோரியா அரசி, வெலிங்டன் கோமகன் ஆகியோரின் பெயர்கள் போலியாக எழுதப்பட்டிருந்தன. அவை சிரித்தது. உண்மையாகக் கையெழுத்திட்ட அத்தனை லட்சம் உழைப்பாளிகளும் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனார்கள். உங்களிடம் இருக்கும் 214 பேருக்கும் வீட்டு எண் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் நடக்கிற கால்கள் அவை. அந்தச் சாலையைக் கண்ணால் பார்த்திராத ஒரு லட்சம் பேரைவிட அவர்கள் உங்களுக்குப் பெரிய பலம்.

ஆகவே இரண்டாவது மனுவை எழுதுங்கள். ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். அதை நிறைவேற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே எழுதுங்கள். மேலிடத்துக்கு நகல் போதும். சிறுவன் அடிபட்ட தேதி, பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வாசலில் நின்று லாரிகளை எண்ணுங்கள். விலகிய இருவர்கூட அதற்கு வருவார்கள், மனு எழுதுவதைவிட எண்ணுவது எளிது. முதல் மனுவின் ஒப்புகை எண்ணை மேலே குறிப்பிடுங்கள். பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி, அந்தத் தேதியில் ஏழு பேராகப் போய் நில்லுங்கள்.

அந்த ஒரு கோரிக்கை எது என்று இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் அந்த லாரி ஓட்டுநரின் வீட்டுக்குப் போங்கள், இம்முறை பேனா இல்லாமல். 214 பேரும் கையெழுத்திட்டார்கள், அவர் ஒருவர்தான் உங்கள் மனுவுக்குப் பதில் சொன்னார். வேகத்தடை போட்டாலும் லாரி வருவது நிற்காது என்றார் அல்லவா? ஏன் நிற்காது என்று கேளுங்கள். எந்த நேரத்தில், எங்கே சரக்கு இறக்குவதற்காக அந்தத் தெருவில் நுழைகிறார்கள், சுற்றுப்பாதையில் என்ன சிரமம், பள்ளி நேரத்தில் மட்டும் கனரக வாகனங்களுக்குத் தடை போட்டால் அவர்கள் எந்த வழியாகப் போவார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் இதற்கெல்லாம் விடை தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.