ஒரே 'இங்', வேலை வேறு

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் கிரேட் 9 படிக்கிறாள். 'ஸ்விம்மிங்' என்ற சொல் ஒரு வாக்கியத்தில் ஜெரண்டாம், இன்னொன்றில் பார்ட்டிசிபிளாம். "சொல் ஒன்றுதானே அம்மா?" என்கிறாள். வீட்டில் எங்களுக்குத் தமிழும் கிரியோலும்தான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: மகள் கேட்டது நியாயமான கேள்வி அம்மா. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு விகுதிகள். பார்ட்டிசிபிளுக்கு 'எண்டெ', ஜெரண்டுக்கு 'உங்' அல்லது 'இங்'. காலப்போக்கில் இரண்டும் ஒரே 'இங்' ஆகிவிட்டன. 2002-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலே இரண்டையும் சேர்த்து ஒரே வகையாக வைத்திருக்கிறது. ஆனால் பள்ளியில் பிரித்துத்தான் கேட்பார்கள், அதனால் அவள் பிரிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

அதற்கு வீட்டில் பேசும் தமிழே போதும். 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்றால் நீந்துவது சுலபம். 'துவது' என்று பெயராக வந்தால் அது ஜெரண்ட். 'தி பாய் ஸ்விம்மிங் தேர் இஸ் மை பிரதர்' என்றால் அங்கே நீந்துகிற பையன் என் தம்பி. 'ஹி இஸ் ஸ்விம்மிங்' என்றால் நீந்திக்கொண்டிருக்கிறான். முன்னதில் பையனை விவரிக்கிறது, பின்னதில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. இந்த இரண்டும் பார்ட்டிசிபிள். 'புரோக்கன் கிளாஸ்' என்பதில் 'இங்' இல்லை, ஆனாலும் உடைந்த கண்ணாடி என்று வருவதால் அதுவும் பார்ட்டிசிபிள்தான். பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்பார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழை நம்ப வேண்டாம். நாம் 'படுக்கிற பாய்' என்போம், பாயா படுக்கிறது? 'ஸ்லீப்பிங் சைல்ட்', 'ஸ்லீப்பிங் பேக்' போன்றவை வந்தால், தூங்குவது யார் என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை தூங்குகிறது, அதனால் பார்ட்டிசிபிள். பை தூங்குவதில்லை, அது தூங்குவதற்கான பை, ஆகவே ஜெரண்ட். 'ஸ்விம்மிங் பூல்' கூட அப்படித்தான்.

அப்புறம் நம் மொரிஷியஸ் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்பில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான். பிரெஞ்சில் 'சாப்பிடுவதற்கு முன்' என்பதை 'அவான் த மான்ஜே' என்று பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் 'பிஃபோர் டு ஈட்' என்று எழுதிவிடும். 'பிஃபோர் ஈட்டிங்' என்றுதான் வரவேண்டும். பிஃபோர், ஆஃப்டர், வித்தவுட் போன்ற பிரிபொசிஷனுக்கு, அதாவது பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல்லுக்கு, பின் வினை வந்தால் அது ஜெரண்டாகத்தான் வரும். 'எஞ்சாய்' என்ற வினைக்கும் அப்படியே: 'ஐ எஞ்சாய் டு ஸ்விம்' தவறு, 'ஐ எஞ்சாய் ஸ்விம்மிங்' சரி. 'வாண்ட்' இதற்கு நேர்மாறு, அதற்கு 'டு' வேண்டும்.

'ஸ்டாப்' வந்தால் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்திவிட்டான். 'ஹி ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றான்.