ராக்கர், தவில் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

‘தி ராக்கர்’ (2008) படத்தைச் சமீபத்தில்தான் பார்த்தேன். எண்பதுகளில் ஒரு ராக் குழு தன் டிரம்மர் ஃபிஷ்ஷைக் கழற்றிவிடுகிறது. அவன் இருபது வருடம் கழித்து, உடன்பிறந்தவள் மகனின் பள்ளிக்கூட பேண்டில் போய்ச் சேர்கிறான். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் படம் படுதோல்வியாம்.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இதே போக்கில் ஒரு குறும்படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். நையாண்டி மேள செட்டிலிருந்து விலக்கப்பட்ட தவில்காரர், மருமகனின் கல்லூரி பேண்டில் சேர்கிறார் என்பது கதை. நடிக்கிறவருக்குத் தவில் தெரியாது. அந்தப் படம் ஏன் விழுந்தது? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

எம்., வீரவநல்லூர்

அன்புள்ள எம்.,

பிடிக்கக்கூடிய படம்தான். ஃபிஷ்ஷாக வரும் ரெயின் வில்சன் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடிப்பவர். எம்மா ஸ்டோன் பெரிய நட்சத்திரமாவதற்கு முன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணாக வருகிறார். இயக்குநர் பீட்டர் கட்டானியோ 1997-இல் ‘தி ஃபுல் மான்டி’ எடுத்தவர். இத்தனை பேர் இருந்தும், சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க ஒரு கோடியைத் தொடவில்லை.

வியாபாரக் காரணங்கள் எளிது. ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்காவில் பள்ளிகள் திறக்கிற நேரத்தில் வந்தது. எண்பதுகளின் சடைமுடி ராக் குழுக்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அப்போது நாற்பது வயது. கதையோ பதினாறு வயதுப் பையன்களைச் சுற்றி நடக்கிறது. இரண்டு கூட்டமும் இது நம் படமில்லை என்று விட்டுவிட்டன.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் படத்தில் சிரிப்பு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக நிற்கின்றன. ஃபிஷ் விழுகிறான், இடித்துக்கொள்கிறான், உடம்பில் துணியில்லாமல் டிரம் அடித்து இணையத்தில் பிரபலமாகிறான். எதற்கும் வாசிப்போடு சம்பந்தமில்லை. பையன்களின் பேண்டு ஏறக்குறைய முதலிலிருந்தே மெருகாகத்தான் ஒலிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஃபிஷ் வந்ததால் என்ன மாறியது என்று சொல்ல முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. பள்ளி நடன விருந்தில் மெல்லிசாகப் போகிற பாட்டுக்கு நடுவே அவன் தன்னை மறந்து தனி ஆவர்த்தனத்தில் இறங்கி எல்லாவற்றையும் கெடுப்பான். அங்கே டிரம் அடியே நகைச்சுவை. படம் முழுக்க அப்படி இருந்திருக்க வேண்டும். 2003-இல் வந்த ‘ஸ்கூல் ஆஃப் ராக்’ ஓடியதற்கு இது ஒரு பெரிய காரணம்: அந்தப் பிள்ளைகள் நிஜமாக வாசிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் வாசிப்பு மாறுவதைக் காதால் கேட்கலாம். (‘ராக்கர்’ கடைசியில் பழைய குழு வாயசைத்து மாட்டிக்கொள்கிறது. நடிகர்களை வாயசைக்க வைக்கும் படம் அதைக் கிண்டல் செய்வதும் ஒரு தைரியம்தான்.)

உங்களுக்கு இந்தச் சிக்கலே வரத் தேவையில்லை. நம் மேளத்துக்குப் பெயரே நையாண்டி. நாயனம் ஒன்று கேட்கும், தவில் இடக்காகப் பதில் சொல்லும். அதை அப்படியே பேண்டுக்குள் கொண்டுபோங்கள். பேண்டு நாலு நாலாக எண்ணுகிறது. தவில்காரர் மூன்று மூன்றாக அழுத்தம் வைக்கிறார். இரண்டும் 12 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் சேரும்: பேண்டுக்கு மூன்று சுற்று, தவிலுக்கு நான்கு. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகம் என்றால் சரியாக 6 விநாடி. முதல் காட்சியில் பையன்கள் எட்டாவது எண்ணிக்கையிலேயே “மாமா, தப்பு!” என்று நிறுத்திவிட வேண்டும். நடுவில் ஒருமுறை பதினொன்று வரை போய் நிறுத்தட்டும். கடைசியில் பொறுத்திருந்து பதின்மூன்றாவது அடியில் எல்லோரும் ஒன்றாக விழுந்தால், தாளம் தெரியாதவருக்கும் விளங்கும். வசனத்தில் எதையும் விளக்காதீர்கள்.

நடிகருக்கு அந்த 12 எண்ணிக்கைக் கோர்வை ஒன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள்; முழுத் தவிலும் வேண்டாம். வலது கைக்காரர் என்றால் வலந்தலையை (வலப்பக்க முகம்) வலது விரல்களாலும் தொப்பியை (இடப்பக்க முகம்) இடது கையில் பிடித்த கம்பாலும் வாசிக்க வேண்டும். விரல்களில் கூடு கட்டாயம். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த அந்தக் கூடு இல்லாமல் வெறும் விரலைக் காட்டிவிட்டு, கீழே ‘டங்’கென்ற சத்தத்தை ஓட்டினால், கோயில் கொடை விழாவில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவன் உடனே பிடித்துவிடுவான். நின்று வாசிக்கையில் வாரில் தொங்கும் தவிலின் எடையைத் தோள் வாங்கும், உடம்பு லேசாகப் பின்னால் சாயும். நடிகர்கள் மறப்பது இதைத்தான். விரல் நெருக்கக் காட்சிகளுக்கு உண்மையான தவில்காரரின் கையையே எடுங்கள். அதே மோதிரம், அதே சட்டைக் கை.

ஒலியை முதலில் பதியுங்கள். தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமைக் காதில் வைத்து, வலந்தலைக்கு ஒன்று தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக். தோலுக்கு ஒட்டி வைத்தால் சத்தம் உடைந்து கரகரக்கும். குறைந்தது இரண்டு அடி தள்ளி வைத்து, ஒலிப்பதிவு அளவையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். படம் பிடிக்கையில் நடிகர் நிஜத் தவிலை அடித்தால் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு அவருக்கே கேட்காது, கை பிசகும். தலைப்பாகைக்குள் மறைகிற மாதிரி இயர்போன் போதும். விநாடிக்கு 24 பிரேம் வைத்தால், அந்த 120 வேகத்தில் ஓர் அடிக்கு முழுதாக 12 பிரேம். 25 என்றால் பன்னிரண்டரை, வெட்டும்போது தலைவலி. செல்போனில் எடுத்தால் பிரேம் வேகத்தைப் பூட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நீளக் காட்சிகளில் படமும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். அடியின் சத்தம் ஒரு பிரேம் பிந்தினால் பரவாயில்லை. முந்தினால் கண் ஏற்காது, ஏனென்றால் வெளியிலும் ஒளிதான் முதலில் வருகிறது.

நிஜக் கொடையில் நடிப்புக் காட்சி வைக்காதீர்கள். மேளம் உச்சத்துக்குப் போகையில் சாமி வந்து ஆடுகிறவர்கள் இருப்பார்கள்; ரீடேக்குக்காக மேளத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கூட்டம், விளக்கு, கரகம் ஆகியவற்றை மட்டும் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். குழாய் ஸ்பீக்கரும் வேட்டும் சேர்ந்த அந்த ஒலி எப்படியும் உதவாது.

தவில்காரரை இப்போதே பேசி, சம்பளத்தையும் முடிவு செய்துவிடுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் செவ்வாய், வெள்ளி என்றால் அவர் கைக்கு அகப்பட மாட்டார்.

அன்புடன்.